தோக்கியோக் கதையும் கீழைக்கரை வீடும்

தந்தை மக்களுக்கு ஆற்ற வேண்டிய கடன் யாது, மக்கள் தந்தைக்கு ஆற்ற வேண்டிய கைம்மாறு யாது என்னும் இரு வினாக்களுக்கும் திருவள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் விடை பகர்ந்துள்ளார். கற்றோர் கூட்டத்தில் முதன்மை பெறுதற்குரிய தகுதியை மகனுக்குத் தேடித்தருதல் தந்தையின் கடன். பெற்றவன் செய்த நல்வினையின் பயனே இம்மகன் என உலகோர் வியக்குமாறு வாழ்ந்து காட்டுதல் மகன் செய்யும் கைம்மாறு. இவ்விரண்டினையும் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மகன் செய்யும் கைம்மாற்றினை அவன் எத்துணைத் தொலைவிலிருந்தும் செய்து முடிக்கலாம். இலண்டன் மருத்துவமனையிற் பெயரெடுக்கும் ஒருவன் பாண்டிருப்பிலுள்ள தன் தந்தைக்கு அக்கடனை நாடோறும் செலுத்துபவனே ஆவான். ஆயின், மூப்பெய்திய பெற்றோருக்குப் பக்கத்தில் இருத்தல் என்னும் மற்றொரு கடன் உண்டு. அதற்கெனத் தனி அதிகாரம் ஒன்று திருக்குறளில் இல்லை.

பாடசாலைகளின் விழா மலர்கள் பெரும்பாலும் முதலாவது கடனின் வரவுசெலவுக் கணக்குகளே. எத்தனை வைத்தியர், எத்தனை பொறியியலாளர், எத்தனை நீதவான்கள், எத்தனை ஆசிரியர்கள் என்று நாம் பெருமையோடு எண்ணுகின்றோம். எண்ணுதல் தகும். கல்வியே நம் கரையோர மக்களின் முதுசொம். ஆனால் அக்கல்விக்காகப் பெற்றோர் கொடுத்த விலையில் பணம் ஒரு பகுதியே. பிள்ளையின் அண்மையும் அவ்விலையில் அடங்கும். இந்த இரண்டாவது பகுதியைக் குறித்து ஆழ எண்ணிய கலைப்படைப்புகளுள் தலையாயது 1953ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்த 'தோக்கியோ மொனோகதாரி', அஃதாவது 'தோக்கியோக் கதை' என்னும் திரைப்படம். நெறிப்படுத்தியவர் யசுஜிரோ ஓசு. கதையை அவரும் கோகோ நோடா என்பவரும் சேர்ந்து எழுதினர். இத்தகைய கதை பிறநாட்டார்க்கு விளங்காது எனக் கருதப்பட்டமையால் அது நெடுங்காலம் யப்பானுக்கு வெளியே பரவலாகக் காட்டப்படவில்லை. பின்னர் நிலைமை மாறிற்று. 2012இல் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் சஞ்சிகை உலகெங்குமுள்ள நெறியாளர்களிடம் கருத்துக் கேட்டபோது, எக்காலத்துக்கும் சிறந்த திரைப்படம் என அவர்கள் இதனையே முதலிடத்தில் வைத்தனர்.

கதை

கதை மிகச் சிறியது. யப்பானின் உள்நாட்டுக் கடலோரத்தில் ஒனொமிச்சி என்னும் துறைமுகப் பட்டினம் உளது. அங்கே கல்விப் பகுதியிற் பணியாற்றி ஓய்வுபெற்ற சுக்கிச்சி என்னும் முதியவரும் அவர்தம் மனைவி தோமியும் வாழ்கின்றனர். கடைசி மகள் கியோக்கோ ஆசிரியை. அவள் மாத்திரமே பெற்றோருடன் இருக்கின்றாள். மூத்த மகன் கொய்ச்சி தோக்கியோவில் வைத்தியர். மகள் சிகே அந்நகரிலேயே பெண்களுக்குக் கூந்தல் திருத்தும் கடை நடத்துகின்றாள். இளைய மகன் கெய்சோ ஓசாக்காவில் புகைவண்டிப் பகுதியில் வேலை பார்க்கின்றான். இரண்டாவது மகன் சோஜி போரில் மாண்டு எட்டாண்டுகள் கழிந்தன. அவன் மனைவி நொரிக்கோ மறுமணம் செய்யாது, தோக்கியோவில் ஒற்றை அறை ஒன்றில் தனித்திருந்து கந்தோர் வேலை செய்கின்றாள்.

மக்களைக் காணும் ஆவலால் கிழவரும் கிழவியும் ஏறத்தாழ 800 கிலோமீற்றர் புகைவண்டியிற் பயணஞ்செய்து தோக்கியோவுக்கு வருகின்றனர். மக்கள் அவர்களை முறைப்படி வரவேற்கின்றனர். ஆனால் பாட்டன் பாட்டிக்கு இடங்கொடுப்பதற்காகப் பேரப்பிள்ளையின் எழுதுமேசை அறையிலிருந்து அகற்றப்படுகின்றது, பையன் சினக்கின்றான். ஞாயிற்றுக்கிழமை நகரைச் சுற்றிக்காட்டப் புறப்படும் வேளையில் ஒரு நோயாளிக்காகக் கொய்ச்சி அழைக்கப்படுகின்றான், பயணம் நின்றுவிடுகின்றது. சிகே தன் கடைக்கு வந்த ஒருத்தியிடம், இவர்கள் ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடுகின்றாள். பின்னர் அண்ணனும் தங்கையும் பணஞ்சேர்த்துப் பெற்றோரை அத்தாமி என்னும் வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பிவைக்கின்றனர். அங்கே விடுதியில் இரவெல்லாம் ஆட்டமும் பாட்டும். முதியோர்க்குத் துயில் இல்லை. மறுநாட் காலையில் கடலோரச் சுவரிலிருந்து எழும்போது தாய்க்குத் தலை சுற்றுகின்றது. எதிர்பார்த்ததற்கு முன்பே திரும்பிவந்த அவர்களுக்கு அன்றிரவு தங்க இடமில்லை. சிகேயின் வீட்டில் அன்று தொழிற் கூட்டம். கிழவர் பழைய நண்பரைத் தேடிப் போகின்றார். கிழவி நொரிக்கோவின் ஒற்றை அறைக்குப் போய், இறந்துபோன மகனின் படுக்கையில் அன்றிரவு உறங்குகின்றாள்.

ஊர் திரும்பும் வழியில் தாய் நோயுறுகின்றாள். வீடு சேர்ந்த சில நாட்களில் மக்களுக்குத் தந்தி பறக்கின்றது. அவர்கள் வருகின்றனர், தாய் கண்விழியாமலே இறக்கின்றாள். கெய்சோ காலந்தாழ்த்தியே வந்து சேர்கின்றான். ஈமக்கடன் முடிந்த அன்றே சிகே தாயின் ஆடைகளுள் தனக்கு வேண்டியவற்றை நினைவுப் பொருளாகக் கேட்டு வாங்குகின்றாள். அனைவரும் விரைந்து நகருக்குத் திரும்ப, மருமகள் நொரிக்கோ மாத்திரம் சில நாட்கள் தங்குகின்றாள். மாமனார் அவளுக்குத் தம் மனைவியின் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, இறந்தவனை மறந்து மறுமணம் செய்துகொள்ளுமாறு வேண்டுகின்றார். அவளும் போனபின் கிழவர் தனித்து அமர்ந்திருக்கின்றார். கடலில் படகுகள் செல்கின்றன. அவ்வளவே கதை.

குற்றவாளி யார்?

இக்கதையைக் கேட்பார், நன்றிகெட்ட மக்களின் கதை என்று எளிதில் முடிவுகட்டுவர். நம் தமிழ்ப் படங்கள் பலவும் இத்தகைய பொருளை அவ்வாறே கையாண்டன. பெற்றோரை அழவைக்கும் மகனும் நாக்கு நீண்ட மருமகளும் வந்து, கடைசிச் சுருளில் மனந்திருந்திக் காலில் விழுவர். ஓசுவின் படத்தில் எவரும் காலில் விழுவதில்லை, எவரும் கொடியவருமில்லர். கொய்ச்சி நோயாளியிடம் போனது அவன் தொழிலறம். அந்த அறத்தை அவனுக்குக் கற்பிப்பதற்காகவே பெற்றோர் அவனைப் படிப்பித்தனர். சிகே கஞ்சத்தனம் உடையவளேனும் தன் கையால் உழைத்துக் கடை நடத்துபவள். அவர்களுடைய வீடுகள் சிறியன. தொழிலும் வாழ்வும் ஒரே கூரையின் கீழ் நெருக்குகின்றன. அன்பு இல்லாமையன்று, இடமும் பொழுதும் இல்லாமையே அங்கே முதியோரை அலைக்கழிக்கின்றது.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1898ஆம் ஆண்டின் குடியியற் சட்டப்படி யப்பானிய வீடு ஒரு தலைவனின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. மூத்த மகன் வீட்டையும் சொத்தையும் பெறுவான். அதனோடு பெற்றோரைப் பேணும் பொறுப்பும் அவனைச் சாரும். போரிற் தோற்றபின் 1947இல் திருத்தப்பட்ட சட்டம் அம்முறையை நீக்கிற்று. பிள்ளைகள் யாவரும் சம உரிமை பெற்றனர். உரிமை பகிரப்பட்டபோது பொறுப்பு யாரைச் சேர்ந்தது என்பது தெளிவற்றதாயிற்று. திரைப்படம் வெளிவந்தது அதற்கு ஆறே ஆண்டுகளின் பின். கொய்ச்சியும் சிகேயும் ஒருவர்மேல் ஒருவர் பொறுப்பைத் தள்ளும் காட்சிகள் தனிமனிதரின் குணக்கேடு மாத்திரமன்று. வீட்டின் சட்டம் மாறிய ஒரு நாட்டின் தடுமாற்றமுமாகும்.

படத்தின் நடுவே முதியவர் மூவர் குடித்துவிட்டுப் பேசும் காட்சி ஒன்று வருகின்றது. பிள்ளைகள் தாம் நினைத்த அளவுக்கு உயரவில்லையே என்று அவர்கள் ஒருவர்க்கொருவர் முறையிடுகின்றனர். பெரிய வைத்தியன் என்று தாம் எண்ணியிருந்த மகன், புறநகர்த் தெருவொன்றில் சிறு மருந்தகம் வைத்திருப்பவனே எனச் சுக்கிச்சி ஏமாற்றம் அடைகின்றார். ஆகவே ஏமாற்றம் ஒருவழிப்பட்டதன்று. பெற்றோர் மக்களிடம் தேடியது புகழை. மக்கள் பெற்றோர்க்குத் தந்தது விடுதிச் செலவை. இரு சாராரும் ஒருவரையொருவர் தொலைவிலிருந்தே அளந்தனர். கல்விப் பகுதியில் உழைத்த ஒரு தந்தையின் வாயிலாக இதனைச் சொன்னமை, பாடசாலைகளோடு தொடர்புடைய நமக்கெல்லாம் உறுத்தலான செய்தி.

இவர்களுக்கு நேரெதிராக நிற்பவள் நொரிக்கோ. அவளிடம் இடமுமில்லை, பொருளுமில்லை. மாமன் மாமியரை உபசரிக்க அரிசி மதுவையும் அதற்குரிய பாத்திரத்தையும் அயலறையில் இரவல் வாங்குகின்றாள். கந்தோரில் விடுப்பெடுத்து நகரைச் சுற்றிக்காட்டுகின்றாள். இரத்த உறவும் சட்டக் கடப்பாடும் இல்லாதவளே எல்லாருக்கும் மேலாகச் செய்கின்றாள். ஆயினும் ஓசு அவளைத் தெய்வமாக்கவில்லை. தான் அத்துணை நல்லவள் அல்லள் என்றும், இறந்த கணவனை நினையாத நாட்களும் தனக்கு உண்டென்றும் அவளே மாமனாரிடம் சொல்கின்றாள். கடன் தீர்ப்பதற்கு நிறைந்த உள்ளம் வேண்டும் என்பதில்லை. எழுந்து போய் அயலில் ஒரு பாத்திரம் இரவல் வாங்கும் முயற்சி போதும்.

படம்பிடித்த முறையும் இக்கருத்துக்கு இயைந்ததே. ஒளிப்படக் கருவி பெரும்பாலும் பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. அது அசைவது மிக அரிது. நாமும் அவ்வீட்டில் ஒரு விருந்தினராய் அமர்ந்து நோக்குகின்றோம். ஆட்கள் எழுந்துபோன பின்னரும் வெறும் அறையும் முற்றமும் சிறிது நேரம் காட்டப்படுகின்றன. வீடு என்பது மனிதர் போனபின்னும் எஞ்சியிருப்பது என்பதனை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே அறிந்துகொள்கின்றோம். ஓசு மணஞ்செய்யாதவர்; 1962இல் தாய் இறக்கும்வரை அவருடனேயே வாழ்ந்தார்; அடுத்த ஆண்டில், தம் அறுபதாவது பிறந்தநாளன்று தாமும் மறைந்தார்.

நம்மவர் ஒருவரின் படம்

இதே பொருளைத் தமிழில் ஓசுவைப்போல் அடங்கிய குரலிற் சொன்னவர் நம் கீழ் மாகாணத்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்து, பூனாவில் ஒளிப்பதிவுக் கலை பயின்று, தமிழகத்திற் புகழ்பெற்று, 2014 பெப்ரவரி 13ஆம் நாள் சென்னையிற் காலமான பாலுமகேந்திராவே அவர். அவர் 1989இல் ஆக்கிய 'சந்தியா ராகம்' என்னும் படத்தில், கிராமத்தில் மனைவியை இழந்த முதியவர் ஒருவர் சென்னையிலுள்ள தம் உடன்பிறந்தார் மகனின் வீட்டை வந்தடைகின்றார். நாடக மேடையிற் பழுத்த சொக்கலிங்க பாகவதர் அம்முதியவராக நடித்தார். வீடோ சிறியது, வருவாயோ மட்டானது, வீட்டுக்காரி அர்ச்சனாவின் முகத்தில் நாளுக்கு நாள் களைப்பு. அங்கும் கொடியவர் ஒருவருமில்லர். ஒரு வாய் உணவு கூடுதலாக வேண்டும் என்பதே இடர். முடிவில் முதியவர் முதியோர் இல்லத்தை நாடுகின்றார். குடும்பநலம் பற்றிய சிறந்த படத்துக்கான இந்திய தேசிய விருதை அது பெற்றது. தம் இறுதிப் படமாகிய 'தலைமுறைகள்' என்பதிலும் (2013) அவர் பாட்டனையும் பேரனையுமே பொருளாகக் கொண்டார்.

கீழைக்கரை வீடு

இனி நம் கரைக்கு வருவோம். யப்பானில் மூத்த மகனுக்கு வீடு. சென்னைப் படத்தில் ஆண்வழி உறவினனுக்குப் பொறுப்பு. மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று வரையுள்ள கரையிலோ வழக்கு வேறு. இங்கே வீடு பெண்ணுக்குரியது. மகள் மணமுடிக்கும்போது வீடும் வளவும் அவள் பெயருக்குச் சீதன உறுதியாக எழுதப்படும். மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வான். முதல் மகளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவிலோ அயலிலோ சிறிய வீடொன்றுக்கு ஒதுங்குவர். அடுத்த மகளுக்கு மறுபடி வீடு கட்டுவர். குடிவழி தாயைத் தொடரும். பாண்டிருப்புத் தமிழரிடத்தும், அதன் இருமருங்குமுள்ள மருதமுனை, கல்முனை முஸ்லிம்களிடத்தும் இவ்வீட்டு வழக்குப் பொதுவானது. அப்பா அம்மா எனினும் வாப்பா உம்மா எனினும் மூப்பில் அவர்கள் இருப்பது மகளின் வேலிக்கு அப்பால் அன்று, அதன் உட்புறத்திலேயே.

இவ்வழக்கின் நன்மை பெரிது. முதுமையிற் தாய்க்குச் சோறு கொடுப்பவள் அவள் பெற்ற மகளே. வேற்றில்லத்திலிருந்து வந்த மருமகள் அல்லள். மாமி மருமகள் பூசலுக்கு இங்கே இடம் குறைவு. கூச்சப்பட்டுப் பழக வேண்டியவன் மருமகனே. தோக்கியோவில் அலைந்த தோமி இக்கரையிற் பிறந்திருந்தால் பயணப்பை கட்டியிருக்க வேண்டியதில்லை. முற்றத்தைத் தாண்டினால் மகள் வீடு.

தீமையும் உண்டு. உயிரோடிருக்கும்போதே பெற்றோர் தம் கையிலுள்ள வீட்டைக் கொடுத்துவிடுகின்றனர். பெண்மக்கள் பலருடையார் வாழ்நாள் முழுதும் வீடு கட்டுவதிலேயே கழிகின்றது; தமையன்மார் சகோதரிகளின் வீட்டுக்காகத் தம் மணத்தைத் தள்ளிவைக்கின்றனர்; மத்திய கிழக்கின் வெயிலில் உழைக்கின்றனர். ஈற்றில், ஊரில் அதிக வீடு கட்டியவரே தம் பெயரில் வீடில்லாதவர் ஆகின்றார். மகள் அயலில் வாழும்வரை இதனால் இடரில்லை. ஏனெனில் இவ்வழக்கின் காவல் உறுதியில் எழுதப்பட்டதன்று, அண்மையில் அமைந்தது.

அந்த அண்மையே இன்று குலைகின்றது. 1983 தொடக்கம் 2009 வரை நீண்ட போர் பலரைக் கடல் கடந்து அனுப்பிற்று. 2004 திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரு காலைப் பொழுதிற் பிரித்தது. நொரிக்கோவைப் போன்று, கணவனை இழந்தும் அவன் பெற்றோரைக் கைவிடாத பெண்களை நாம் படத்திற் காண வேண்டியதில்லை; நம் தெருக்களிற் காணலாம். எஞ்சியோரைக் கல்வி அழைத்துச் சென்றது. சீதன வீட்டின் உரிமைக்காரி தொரன்ரோவில் இருக்க, பெற்றோர் அவ்வீட்டின் சாவியைக் காத்திருக்கின்றனர். தாம் கட்டித் தாம் கொடுத்த வீட்டுக்குத் தாமே காவலாளர். கொய்ச்சியின் வீட்டில் இடமில்லாத துன்பம் ஒருவகை. ஆறு அறையும் வெறுமையாய்க் கிடக்கும் துன்பம் வேறொருவகை.

பாரதம் சொல்லும் பாடம்

பாண்டிருப்பார்க்கு இப்பொருளில் வேறொரு சான்றும் உண்டு. அவ்வூர்த் திரௌபதை அம்மன் ஆலயத்தில் பதினெட்டு நாள் விழா வனவாசமும் தீமிதிப்பும் உட்படப் பாரதக் கதையைத் தழுவியே நிகழ்வது. ஊர்ப்பெயரையே பாண்டவரோடு தொடர்புபடுத்துவாரும் உளர். போர் முடிந்தபின் நிகழ்ந்ததைப் பாரதம் சொல்கின்றது. மக்களை இழந்த திருதராட்டிரன் தருமனின் அரண்மனையிற் பதினைந்து ஆண்டுகள் எக்குறையுமின்றிப் பேணப்பட்டான். ஆனால் வீமன், கிழவனின் செவிபடத் தன் தோள்வலியைச் சொல்லி வந்தான். அச்சொல் தாங்காது முதியவன் காந்தாரியோடு காட்டுக்குப் புறப்பட்டான். ஐவரைப் பெற்ற குந்தியும், மக்கள் தடுத்தும் கேளாது, உடன் சென்றாள். பாண்டவர் ஒருமுறை காட்டுக்குச் சென்று அவர்களைக் கண்டனர். பின்னர் மூவரும் காட்டுத்தீயில் மாண்ட செய்தியே வந்தது. தருமன் உணவும் ஆடையும் மதிப்பும் தந்தான், அவை போதவில்லை. முதியோரை வெளியேற்றுவது பெரும்பாலும் பசியன்று, காதில் விழும் ஒரு சொல்.

சட்டம் இதற்கு எம்மட்டில் உதவும்? இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் புறக்கணியாது பேணும் பொறுப்பைப் பிள்ளைகள்மேற் சுமத்துகின்றது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் அதற்கென அமைந்த சபையிடம் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெற வழியுண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதினர் அல்லது அதற்கு மூத்தோர், அத்தொகை ஏறிவருகின்றது. ஆகவே அச்சட்டம் வேண்டியதே. ஆயினும் சபை மாதந்தோறும் பணத்தைக் கட்டளையிடலாமன்றி, மாலையில் திண்ணையில் வந்து அமரும் ஒருவரைக் கட்டளையிட இயலாது.

'தோக்கியோக் கதை'யில் எளிதிற் கவனத்துக்கு வாராத ஒன்றுண்டு. பெற்றோர் மக்களைத் தேடி 800 கிலோமீற்றர் பயணஞ்செய்கின்றனர். மக்களோ, படத்தின் நிகழ்ச்சிகளுள், தந்தி வந்த பின்னரே ஒனொமிச்சிக்கு வருகின்றனர். வண்டி அதே வண்டி. பாதை அதே பாதை. தொழிலும் அதே தொழில். சாவுக்குக் கிடைத்த விடுப்பு, வாழ்வுக்குக் கிடைத்திருக்க முடியாதா என்று படம் வினவுவதில்லை, நாமே வினவிக்கொள்கின்றோம்.

கல்லூரி நம்மை உலகுக்கு அனுப்பிற்று. அதற்காக வருந்த வேண்டியதில்லை. வள்ளுவர் சொன்ன கடனை நம்முள் பலர் நிறைவாகவே செலுத்தியுள்ளனர். இம்மலரை வெளிநாட்டில் விரித்துப் படிக்கும் பழைய மாணவர்க்கு மற்றைக் கடனும் பெரிதன்று. அடுத்த விடுமுறையில் விடுதியிற் தங்காது தாயின் சிறிய வீட்டிற் தங்குக. அங்கே படுக்க இடம் போதாதெனின் அயலிற் பாய் ஒன்று இரவல் வாங்குக. தந்தையோடு சந்திக்குப் போய் வருக. அவர் நடக்கும் வேகத்தில் நடக்குக. தந்தி வருமுன் போகும் பயணமே பயணம்.